களத்தில் சொல்லக்கூடாத சொல்

கிராமச்சங்கக் கூட்டத்தில் கிளாக்கருக்குக் கை உண்டு, வாய் கிடையாது. அங்கத்தவர்கள் பேசுவார்கள், சண்டை பிடிப்பார்கள், கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போவார்கள், வெற்றிலையைத் துப்பிவிட்டுத் திரும்பி வருவார்கள். கிளாக்கர் எல்லாவற்றையும் எழுதவேண்டும். ஐம்பதுகளின் நடுவில் முல்லைத்தீவுப் பக்கத்துக் காட்டுக் கிராமம் ஒன்றுக்கு நான் கிளாக்கராகப் போனபோது, எனக்கு முன்னிருந்தவர் திறப்புக் கோர்வையோடு சேர்த்து இந்தப் புத்திமதியையும் தந்துவிட்டுப் பஸ் ஏறினார். எனக்கு அது பெரிய காரியமாகத் தெரியவில்லை. நாலு அக்காமாருக்குப் பின் பிறந்தவன் நான். வாய் திறக்காமல் இருக்கச் சின்னதிலேயே பழகியவன்.

ஆனால் என் சொந்த வாழ்க்கையையே அந்த மேசையில் வைத்து ஏழு பேர் மாதாமாதம் விவாதிப்பார்கள் என்றும், நான் அதைக் குனிந்தபடி எழுதிக்கொண்டிருக்க வேண்டிவரும் என்றும் அவர் சொல்லவில்லை. பாவம், அவருக்கு எப்படித் தெரியும்.

எனக்கு அப்போதுதான் கலியாணமாகியிருந்தது. மனைவி வடமராட்சியில் தாய்வீட்டில் இருந்தாள். நான் இங்கே குளக்கட்டுக்குப் பக்கத்தில் ஒற்றை அறை ஒன்றில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு கிடந்தேன். எங்களுக்குள் மனஸ்தாபம் ஒன்றுமில்லை. மாமிக்கு மூத்த மகள் ஒருத்தி இருந்தாள். புருஷனோடு வன்னிக்கு வந்தவள், முதல் பிள்ளைப்பேற்றில், மருத்துவிச்சி இல்லாத ஊரில், ஆஸ்பத்திரிக்கு வண்டிலில் கொண்டுபோகிற வழியிலேயே தாயும் பிள்ளையுமாகப் போய்விட்டாள். எந்த வழி, எந்த ஊர் என்று நான் கேட்டதில்லை. எனக்கு வன்னிக்கு நியமனக் கடிதம் வந்த அன்றே மாமி சொல்லிவிட்டார்.

"மருத்துவிச்சி இருக்கிற ஊருக்கெண்டால் இண்டைக்கே கூட்டிக்கொண்டு போங்கோ தம்பி. அப்பிடி ஒரு ஆள் இல்லாத ஊருக்கு என்ரை பிள்ளையை விடமாட்டன். நீங்கள் லீவிலை வந்து போங்கோ."

எனக்குக் கோபம் வந்தது. தாலி கட்டினவன் நானா மருத்துவிச்சியா என்று கேட்க நாக்குத் துடித்தது. ஆனால் மாமியின் தலைக்குமேலே சுவரில் மூத்தவளின் படம் தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டு யாரோடு கோபிப்பது? பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியே வந்தேன்.

வந்த முதல் கிழமையே சந்தையில் இரண்டு எனாமல் கோப்பைகள் வாங்கினேன். நீலக்கரை போட்டவை. ஒன்றில் நான் தேத்தண்ணீர் குடிப்பேன். மற்றதைத் தட்டில் கவிழ்த்து வைத்திருந்தேன். அது அவளுக்கு. தூசி படியும், ஞாயிற்றுக்கிழமைகளில் கழுவித் திரும்பக் கவிழ்ப்பேன். இதை யாராவது கண்டிருந்தால் கிளாக்கருக்கு மண்டை கழன்றுவிட்டது என்று ஊரெல்லாம் கதைத்திருப்பார்கள். கண்டுவிடக்கூடாது என்று விருந்தாளிகள் வந்தால் வாசலிலேயே நிறுத்திக் கதைத்து அனுப்பிவிடுவேன். "யாழ்ப்பாணத்தான், உள்ளே விடமாட்டான்" என்று பெயர் வந்தது. வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவள் கிழமைக்கு ஒரு கடிதம் எழுதுவாள். பாதிக் கடிதம் மாமியின் முழங்கால் வருத்தம், ஆடு குட்டி போட்டது, கிணறு வற்றியது. மற்றப் பாதி முழுக்கக் கேள்விகள். குளம் என்றால் கோயில் கேணி மாதிரியா, கடல் மாதிரியா? அதில் இறங்கி நிற்கலாமா? தண்ணீர் உப்பா, நல்ல தண்ணீரா? உங்கடை அறை யன்னலில் நின்றால் குளம் தெரியுமா? நான் நாலு பக்கத்துக்குப் பதில் எழுதுவேன். குளத்தைப் பற்றி எழுதுகிற சாட்டில் எழுதமுடியாததையெல்லாம் எழுதுவேன். தாமரை பூத்துவிட்டது, நீ வரவில்லை. தாமரை வாடிவிட்டது, நீ வரவில்லை. கூட்டக் குறிப்பு எழுதி எழுதிப் பழகிய கைக்கு அதற்குமேல் காதல் கடிதம் வரவில்லை.

இனி அந்த மேசைக்கு வருகிறேன். சுகாதாரப் பகுதியிலிருந்து சங்கத்துக்கு ஒரு செய்தி வந்தது. மருத்துவிச்சி தங்குவதற்கும் பிள்ளைப்பேறு பார்ப்பதற்கும் சங்கம் ஒரு வீடு கட்டித் தந்தால், ஒரு மருத்துவிச்சியை அனுப்புவோம் என்று. அதை வாசித்தபோது என் குரல் நடுங்கியது. அங்கத்தவர்கள் அது தொண்டைக்கட்டு என்று நினைத்திருப்பார்கள்.

வீடு கட்டக் காசு வேண்டும். சங்கத்துக்கு வருமானம் என்று பெரிதாக என்ன இருந்தது? சந்தைக் குத்தகை, சைக்கிள் லைசன்ஸ், நாய் வரி, வண்டில் வரி. சந்தைக் குத்தகைக் காசு ஏற்கனவே செலவாகிப் போய்விட்டது. சைக்கிள் ஊரிலே விரல்விட்டு எண்ணக்கூடியது. அதில் ஒன்று என்னுடையது. நாய் வரி கேட்டுப் போனால், வாசலில் வாலாட்டிக்கொண்டு நிற்கிற நாயைக் காட்டி, "அது எங்கடை நாய் இல்லைப் பாருங்கோ, சும்மா வந்து கஞ்சி குடிக்குது" என்பார்கள். ஊரில் ஒரு வீட்டுக்கும் நாய் கிடையாது, ஆனால் நாய் துரத்தாமல் சைக்கிளில் ஒரு ஒழுங்கை கடக்க முடியாது. ஆக மிஞ்சியது வண்டில் வரி. அதைக் கூட்டினால் வீட்டைக் கட்டலாம் என்று சேர்மன் பிரேரித்தார். முல்லைத்தீவில் கடை வைத்திருந்த முஸ்லிம் அங்கத்தவர், நாங்கள் எல்லாரும் நானா என்று கூப்பிடுகிறவர், ஆமோதித்தார்.

அங்கேதான் சிக்கல். ஊரில் அதிக வண்டில் வைத்திருந்தவரும் அங்கத்தவர்தான். காட்டு மரமும் நெல்லும் ஏற்றுகிற வண்டில்கள். வாட்டசாட்டமான மனிதர், சிரித்தாலும் சண்டை பிடிப்பதுபோல இருக்கும். அவர் எழும்பினால் அவருக்குப் பக்கத்தில் இருக்கிற மூன்று பேரும் சேர்ந்து தலையாட்டுவார்கள், ஏனென்றால் அறுவடைக் காலத்தில் அவர்களின் நெல்லும் அவருடைய வண்டிலில்தான் போகவேண்டும்.

"றோட்டிலை குழி. அதை நிரப்பத் துப்பில்லை. குழியிலை விழுந்து எழும்பிற என்ரை வண்டிலுக்கு வரி கூட்டப் போறியளோ? எங்கடை பெண்டுகள் காலங்காலமாய் வீட்டிலைதானே பெத்தவை? என்னையும் என்ரை ஆச்சி வீட்டிலைதான் பெத்தவா. எனக்கு என்ன குறை?"

"அதைச் சபையிலை கேக்காதையும்," என்றார் நானா. எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்போடு விஷயம் அடுத்த கூட்டத்துக்குப் போனது.

அடுத்த கூட்டத்தில் வண்டில்காரர், வரி போடுவதானால் இரும்புப் பட்டம் போட்ட சில்லுக்கு ஒரு வரி, மரச் சில்லுக்கு ஒரு வரி என்று பிரிக்கவேண்டும் என்றார். அதைப் பிரித்துப் பேசவே பொழுது பட்டுவிட்டது. அதற்கடுத்த கூட்டத்தில் மருத்துவிச்சி வீட்டுக்கு முன்னம் சந்தைக்குக் கூரை போடவேண்டும் என்று ஒருவர் கிளம்பினார். அதற்கடுத்ததில் மழை. ஒவ்வொரு முறையும் நான் எழுதினேன்: "இவ்விடயம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது." எனக்கு அந்த ஒரு வசனத்தை எழுதும்போது மட்டும் எழுத்துக் கோணும். நான் பேசமுடியாது. எழும்பி, "ஐயாமாரே, உங்கடை சில்லைப் பிறகு பிரியுங்கோ, என்ரை மனுசி அங்கை இருக்கிறாள்" என்று கத்தமுடியாது. மாதாமாதம் பரந்தனில் ரயிலேறிப் போவேன். படலையைத் திறக்கும்போதே அவள் என் முகத்தைப் பார்ப்பாள். கேட்கமாட்டாள். செம்பிலே தண்ணீர் கொண்டுவந்து தருவாள். அந்தத் தண்ணீர் உப்புக் கரித்தது. இங்கே குளத்தங்கரைக் கிணற்றில் எவ்வளவு நல்ல தண்ணீர் இருக்கிறது, அதை இவள் குடிக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டு செம்பைத் திருப்பிக் கொடுப்பேன்.

சேர்மனுக்கு மட்டும் விஷயம் தெரியும். நான் சொல்லவில்லை. ஒரு நாள் அறைக்கு வந்தவர், நான் வாசலில் மறிக்கமுன் உள்ளே வந்துவிட்டார். கவிழ்த்து வைத்த கோப்பையைப் பார்த்தார். நான் அதை எடுத்துத் தேத்தண்ணீர் ஊற்றப் போக, "வேண்டாம் தம்பி, அது இருக்கட்டும். நான் உம்மடை கோப்பையிலை குடிக்கிறன்," என்றார். ஒரு சோடி மாடும் கொஞ்ச வயலும் மட்டும் உள்ள மெல்லிய மனிதர். உரத்துப் பேசி நான் கேட்டதில்லை. 

மாசி பிறந்தது. அறுவடை தொடங்கியதும் கூட்டத்துக்கு ஆள் வருவது நின்றுபோனது. வயல் வெட்டி, கதிர்க்கட்டுகளைச் சூடாகக் குவித்து, அதை மாடு விட்டு மிதித்து நெல்லாக்கி வீட்டுக்குக் கொண்டுவரும்வரை வன்னியில் எவனும் களத்தை விட்டு அசையமாட்டான். பன்றி வரும், யானை வரும், மழை வரும். இந்த நேரத்தில் சுகாதாரப் பகுதியிலிருந்து இன்னொரு செய்தி. இந்த மாதத்துக்குள் சங்கம் தீர்மானம் எடுத்து அனுப்பாவிட்டால், மருத்துவிச்சியை வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவோம். நான் கூட்டம் கூட்டி அறிவித்தல் அனுப்பினேன். சேர்மனும் நானாவும் நானும் கதிரைகளைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தோம். நாலு பேர் இல்லாமல் கூட்டம் செல்லாது.

"எல்லாரும் எங்கை?" என்றார் சேர்மன்.

"வண்டில்காரற்றை களத்திலை ஐயா. அவற்றை சூடு மிதிக்கிறதுக்குக் கைமாத்து வேலைக்குப் போயிருக்கினம்," என்றேன்.

"அப்ப அங்கை போவம். அவை வராட்டில் நாங்கள் போறதுதானே."

நான் புத்தகத்தை மூடினேன். "ஐயா, கூட்டத்தை எங்கையெண்டாலும் நடத்தேலுமோ? சட்டம்..."

"சட்டத்திலை கூட்டம் எண்டுதானே கிடக்கு. கூரை எண்டு கிடக்கோ?"

நான் கூட்டப் புத்தகத்தைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு மிதித்தேன். அவர்கள் இருவரும் வண்டிலில் வந்தார்கள். களத்தை அண்டியதும் சேர்மன் செருப்பைக் கழற்றினார். என்னையும் கழற்றச் சொன்னார். "அங்கை வாயைப் பாத்துத் திறவும் தம்பி," என்றும் சொன்னார். வைக்கோல் தூசி பறக்கிறது, அதற்காகச் சொல்கிறார் என்று நான் விளங்கிக்கொண்டேன். புகையிலைத் தோட்டத்துப் பக்கம் பிறந்தவனுக்கு நெற்களத்து முறை என்ன தெரியும்?

மாடுகள் பிணையலாகச் சுற்றிக்கொண்டிருந்தன. நடுவிலே மிதித்த நெல், அவர்கள் பொலி என்கிறது, குவிந்து கிடந்தது. அதன் தலையில் சாணத்தில் பிடித்த பிள்ளையார், அறுகம்புல். ஒருவன் "பொலியோ பொலி!" என்று குரல் வைக்க மற்றவர்கள் எடுத்தார்கள். வண்டில்காரர் எங்களைக் கண்டதும் முகத்தைச் சுளித்தார். ஆனால் களத்துக்கு வந்தவரை வா என்று சொல்லாமல் விட ஏலாது. வைக்கோலை உதறிப்போட்டார். அங்கத்தவர்கள் தலைத்துண்டால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து குந்தினார்கள். கூட்டம் செல்லும் கூட்டமாகிவிட்டது. 

சேர்மன், "போன கூட்டத்து அறிக்கையை வாசியும்," என்றார்.

நான் எழும்பி நின்றேன். மாட்டுச் சத்தத்துக்கு மேலால் கேட்கவேண்டுமே என்று பலத்த குரலில் தொடங்கினேன். "மருத்துவிச்சி வீட்டுக்கு முடிவொன்றும் இல்லை. சந்தைக் கூரைக்குக் காசு இல்லை. கட்டட நிதியில் மிச்சம் இல்லை..."

மூன்றாவது 'இல்லை'யோடு மாடு சாய்க்கிற பெடியன் அப்படியே நின்றுவிட்டான். மாடும் நின்றது. யாரோ ஓடிப்போய் நெற்குவியலுக்குத் தண்ணீர் தெளித்தார்கள். "பொலி, பொலி, பொலி!" என்று நாலு பக்கத்திலும் இருந்து என் குரலை மூடப் பார்த்தார்கள். வண்டில்காரர் எழும்பின வேகத்தில் அவருடைய வேட்டி அரைவாசி அவிழ்ந்துபோனது.

"டேய்! என்ரை பொலிக்கு முன்னாலை நிண்டு என்னடா சொன்னனீ? ஆர் உன்னைக் களத்திலை விட்டது? வெளியிலை போடா!"

அடிதான் விழப்போகிறது என்று நினைத்தேன். நானா நடுவில் வந்து என் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டுபோய், களத்துக்கு வெளியே ஒரு பாலை மரத்தின் கீழ் விட்டார். "இதிலை நில்லுங்கோ தம்பி. வாயைத் திறக்காதையுங்கோ," என்றுவிட்டுப் போனார். கண்ணில் தண்ணீர் முட்டியது. தூசி என்று துடைத்தேன். தூசி இல்லை. எல்லாம் கெட்டுப்போயிற்று. மருத்துவிச்சி வேறு ஊருக்கு. அவள் வடமராட்சியில். நான் இங்கே, கவிழ்த்த கோப்பையோடு.

மர நிழலில் வண்டில்காரரின் மனைவி நின்றார். ஆட்களுக்குச் சோறு கொண்டுவந்தவர். பெண்கள் களத்துக்குள் காலடி வைப்பதில்லை, அதனால் கடகத்தை இறக்கி வைத்துக்கொண்டு காத்து நின்றார். என்னைப் பார்த்து முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார்.

"ஒருத்தரும் சொல்லித் தரேல்லையோ தம்பி? அந்தச் சொல்லைக் களத்திலை சொல்லப்படாது. பொலி கேட்டுப்போட்டுப் போயிடும். முடிஞ்சுது, போதும், வேண்டாம், ஒண்டும் சொல்லப்படாது."

"அப்ப தண்ணி முடிஞ்சால் என்னண்டு சொல்லுறது அம்மா?"

"தண்ணி நிறைஞ்சு போச்சு எண்டு சொல்லுவம். அதுக்குப் பேந்து கொண்டுவந்து ஊத்துவினம்."

பிறகு எதற்காக இத்தனை பேரும் களத்துக்கு வந்தோம் என்று கேட்டார். நான் வீட்டுக் கதையைச் சொன்னேன். என் மனைவியின் கதையையும், அவளுடைய அக்காவின் கதையையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். இத்தனை மாதம் அடைத்து வைத்தது, முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் கொட்டிவிட்டது. அவருடைய சிரிப்பு நின்றது.

"நானும் ஆறு பெத்தனான் தம்பி. நாலு வளருதுகள். மற்ற ரண்டும்..." என்று தொடங்கியவர் களத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நெற்குவியல் வெயிலில் கிடந்தது. "மற்ற ரண்டும் நிறைஞ்சு போச்சுதுகள்," என்றார்.

நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை.

களத்திலே ஆரவாரம் அடங்கியிருந்தது. சேர்மன் எழும்பி நிற்பது தெரிந்தது. சுற்றியிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கடைசியில் நெற்குவியலைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அந்த மனிதர் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை, ஆனால் கண்ணிலே ஏதோ இருந்தது. களத்துக்கு வரும்போது அவருக்கும் அந்த யோசனை இருந்திருக்காது. நான் வாய் தவறிப் பேசி, ஊரே பதறியதைப் பார்த்த பிறகுதான் அது உதித்திருக்கவேண்டும். அவருடைய மெல்லிய குரல் எனக்கு அரைகுறையாகத்தான் கேட்டது.

"வண்டில் வரியைக் கூட்டி மருத்துவிச்சிக்கு வீடு கட்டுறது. இதுதான் பிரேரணை. நானா ஆமோதிச்சவர். மறுக்கிற ஆக்கள் இப்ப சொல்லலாம்."

 வண்டில்காரர் வாயைத் திறந்தார். மூடினார். திரும்பவும் திறந்தார். அவருடைய வருடம் முழுவதும் அங்கே குவிந்து கிடந்தது, அதன் தலையில் பிள்ளையாரும் இருந்தார். அதற்கு முன்னால் நின்று அந்தச் சொல்லைச் சொல்ல அவரால் எப்படி முடியும்? சொன்னதற்காக இப்போதுதானே ஒருவனைக் களத்தை விட்டு விரட்டினார். பக்கத்தில் இருந்த மூன்று பேரும் தலையாட்டுவதற்குத் தலை கிடைக்காமல் வைக்கோலைக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். வண்டில்காரர் சுற்றிவரப் பார்த்துக் கடைசியில் பாலை மரத்தடிக்குக் கண்ணைத் திருப்பினார். அவருடைய மனைவி கடகத்தில் கைவைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். தலையைக்கூட அசைக்கவில்லை. சோற்றை எடுத்துக் கொடுக்கவும் இல்லை.

"அப்ப கட்டுங்கோவன்," என்றார் வண்டில்காரர். மாட்டை அதட்டுகிற குரலில்தான் சொன்னார்.

சேர்மன் களத்தைக் கடந்து என்னிடம் வந்தார். "எழுதும் தம்பி. ஏகமனதாய்."

"ஒருத்தரும் மறுக்கேல்லையோ ஐயா?"

"களத்திலை ஆர் மறுக்கிறது?" என்றார். நான் சைக்கிள் சீற்றில் புத்தகத்தை வைத்து எழுதினேன். மை சிந்தியது. அந்தக் குறிப்பில் எழுத்துக் கோணவில்லை.

அன்று பின்னேரமே அவளுக்கு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அடுத்த கூட்டத்தில் அந்த அறிக்கையை உறுதிப்படுத்தவேண்டும். அது கந்தோரில், கூரைக்குக் கீழே நடக்கும். அங்கே எந்தச் சொல்லையும் சொல்லலாம். நான் அந்த நாள்வரை சரியாகச் சாப்பிடவில்லை. கூட்டத்தில் எவனோ ஒருவன் வண்டில்காரரைச் சீண்டினான். "களத்திலை வாயைக் கட்டிப்போட்டினம், இஞ்சை மாத்திச் சொல்லலாம்தானே," என்றான். வண்டில்காரர் அவனைப் பார்த்த பார்வையில் அவன் கதிரையோடு சுருங்கிப்போனான்.

"பொலிக்கு முன்னாலை குடுத்த சொல்லு. அதை இஞ்சை வந்து மாத்த நான் மனுசனோ, மாடோ?"

வரியை முதலில் கட்டியதும் அவர்தான். வீட்டுக்குரிய ஓடுகள் ரயிலில் பரந்தனுக்கு வந்தபோது, கூலி பேசாமல் தன் வண்டில்களை விட்டார். குழி வருகிற இடமெல்லாம் இறங்கி வண்டிலுக்கு முன்னால் நடந்தார். "என்ரை வரியிலை வாங்கின ஓடு. உடைஞ்சால் எனக்குத்தான் நட்டம், கிளாக்கர்," என்றார். 

மருத்துவிச்சி வந்தார். அவருக்குப் பின்னால் என் மாமி வந்தார். மகளை அழைத்துவரவில்லை, முதலில் தான் வந்து பார்க்கவேண்டுமாம். மருத்துவிச்சி வீட்டுக்குப் போய்க் கட்டிலைத் தட்டிப் பார்த்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், மருத்துவிச்சியின் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெண் பார்க்க வந்தவர்கள்கூட அப்படிப் பார்க்கமாட்டார்கள். பிறகு அந்தக் கைகளை விடாமலே அழத் தொடங்கினார். மருத்துவிச்சி ஒன்றும் விளங்காமல் நின்றார். நான் வெளியே வந்து குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த மாதம் அவள் வந்தாள். பஸ்ஸால் இறங்கியவளை நேரே அறைக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை. குளக்கட்டில் ஏற்றினேன். தாமரை பூக்கிற காலம் இல்லை. வெறும் தண்ணீர்தான், அக்கரையில் காடு. அவள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழங்கால் அளவுக்கு இறங்கினாள். கையால் அள்ளிக் குடித்தாள்.

"இஞ்சாருங்கோ, கடல் மாதிரித்தான் கிடக்கு. ஆனால் உப்பில்லை," என்றாள்.

அறைக்குப் போனதும் கவிழ்ந்திருந்த கோப்பையை நிமிர்த்தித் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். எங்களுடைய மூத்தவள் பிறந்தது மருத்துவிச்சியின் அந்த ஓட்டு வீட்டில்தான். இரண்டாவதும் அங்கேதான். வண்டில்காரரின் மனைவி இரண்டுக்கும் துணையாக வந்து இருந்தார்.

பிறகு எத்தனையோ இடமாற்றம், எத்தனையோ ஊர், எத்தனையோ ஓட்டம். கடைசியில் வவுனியாவில் ஒரு சின்ன வீடு வாங்கிக் குந்தினோம். வீடு அவள் பெயரில். நீலக்கரைக் கோப்பைகளில் ஒன்று எங்கேயோ தவறிவிட்டது. மற்றது விளிம்பெல்லாம் பெயர்ந்து கூடவே வந்தது. அது யாருடைய கோப்பை என்று எங்களுக்குள் சண்டை. உம்மடையதுதான் தொலைந்தது என்பேன் நான். இல்லை, உங்கடையது என்பாள் அவள். போட்டிக்கு மாறி மாறி அதிலேயே குடித்தோம்.

போன மாரியில் அவள் போய்விட்டாள். கோப்பை இப்போது தட்டில் கவிழ்ந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கழுவுகிறேன்.

சில நாட்களுக்கு முன் நகரசபையிலிருந்து சோலைவரி, அதுதான் வீட்டுவரி, விஷயமாக ஒரு தம்பி வந்தார். நல்ல மரியாதையான பிள்ளை. வாசலில் நின்றவரை உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டேன். வீட்டுக்காரியின் பெயரை வாசித்து, அவர் கையொப்பம் வைக்கவேண்டும் என்றார். நான் வாழ்நாள் முழுவதும் சபைக் காரியம் பார்த்தவன். என்ன சொல்லவேண்டும், அதற்கு அவர் என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியும்.

"அம்மா இல்லையோ ஐயா?"

"நிறைஞ்சு போனா, தம்பி."

அவருக்கு விளங்கவில்லை. எங்கேயோ பயணம் போயிருக்கிறார் என்று நினைத்திருக்கவேண்டும்.

"அப்ப எப்ப வருவா?" என்று கேட்டார்.

அதற்குக் களத்தில் என்ன சொல்வார்கள் என்று அந்தப் பாலை மரத்தடியில் நான் கேட்டுவைக்கவில்லை.